முதல் ரீஃப் டேங்குக்கு எந்த மணல்? சென்னை வீடு ஒண்ணுல நடந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில வேளச்சேரி பக்கம் ஒரு அபார்ட்மெண்ட், அப்பாவும் காலேஜ் படிக்கிற பொண்ணும் சேர்ந்து ஆரம்பிச்ச ரீஃப் டேங்க் இது, அதாவது கடல் மீனும் பவளமும் வளர்க்கற கண்ணாடித் தொட்டி. அப்பா பல வருஷமா மலாவி ஏரி மீனான சிக்லிட் வளர்த்தவர், நன்னீர் மீன்ல நல்ல கை. பொண்ணுக்குத்தான் கடல் டேங்க் ஆசை, அதுவும் குறிப்பா ஒரு ஜோடி: மஞ்சள் வாட்ச்மேன் கோபிங்கற சின்ன மீனும் பிஸ்டல் இறாலும். அந்த இறாலுக்குக் கண்ணு ரொம்ப மட்டம், அது நாள் முழுக்க வளை தோண்டிட்டே இருக்கும், கோபி வாசல்ல காவல் நிக்கும், இறால் தன்னோட மீசையை மீன் மேல வச்சுக்கிட்டேதான் வெளிய வரும், ஆபத்துன்னா மீன் உடம்பை ஒரு ஆட்டு ஆட்டும், இறால் உள்ள ஓடிடும். இதைப் பார்க்கணும்னுதான் அந்தப் பொண்ணுக்கு டேங்கே.

டேங்க் அளவு 90 செ.மீ நீளம், 45 அகலம், 45 உயரம். மொத்தக் கொள்ளளவு 180 லிட்டர் சொச்சம், பாறை, மணல், மேல விடற இடைவெளி எல்லாம் போனா உள்ள நிக்கிற தண்ணி 150 லிட்டர். கீழ சம்ப் (வடிகட்டற தொட்டி), ஸ்கிம்மர் (நுரையா கழிவைப் பிரிக்கிற கருவி), சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்). சில்லர் இல்லாம சென்னை மே மாசத்துல ரீஃப் டேங்க் ஓட்டறது நடக்காத காரியம், அதை அப்பாவே முதல்லயே ஒத்துக்கிட்டார். பவளத்துல சோயான்திட், மஷ்ரூம், லெதர் மாதிரி மென்பவளம் மட்டும்தான்னு முடிவு, ஏன்னா கல்லா வளர்ற கடினப் பவளம் எல்லாமே 2001-லேருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அதிகப் பாதுகாப்பு தர்ற அட்டவணை 1-க்குள்ள இருக்கு.

என்கிட்ட வந்தது கிட்டத்தட்ட எல்லாம் வாங்கி முடிச்சப்புறம், மணல் மட்டும் பாக்கி. "அங்கிள், மணல்தானே, கடைசியா பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்"னு பொண்ணு சொன்னா. இந்த ஆய்வை எழுதறதுக்குக் காரணமே அந்த ஒரு வரிதான். மணலை எல்லாரும் தரை விரிப்பு மாதிரி நினைக்கிறாங்க, ஆனா அது பம்ப் எவ்வளவு வேகத்துல ஓடும், எந்த மீன் எங்க படுக்கும், எதால எப்படி சுத்தம் பண்ணுவோம்ங்கற எல்லாத்தையும் தொடுது.

முன்னாடி இருந்த மணல்கள்

வீட்ல நாலு யோசனை ஓடிட்டு இருந்துச்சு. ஒண்ணு, திருவான்மியூர் பீச்லேருந்து ஒரு சின்னப் பையில எடுத்துட்டு வந்த மணல், கடல் டேங்குக்குக் கடல் மணல்தானே சரின்னு. ரெண்டாவது, மீன் கடையில மூட்டையிலேருந்து அள்ளி எடை போட்டுக் குடுத்த "கோரல் சாண்ட்", விலை கம்மி. மூணாவது, அப்பாவோட பழைய சிக்லிட் டேங்க்ல இருந்த க்ரஷ்ட் கோரல் (உடைச்ச பவளத் துண்டு), மலாவி மீனுக்கு பி.எச். (தண்ணியோட அமில-கார அளவு) ஏத்தி வைக்கறதுக்காகப் போட்டது, ரெண்டு பக்கெட் நிறைய சும்மா கிடந்துச்சு. நாலாவது இறக்குமதி அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட் மணல், ஒரு பை, கடை மணலை விட விலை பல மடங்கு.

நடுவுல அஞ்சாவதா ஒண்ணும் வந்துச்சு. ராமநாதபுரம் பக்கம் இருக்கற சொந்தக்காரர் ஒருத்தர், கரையில ஒதுங்கற பவளத் துண்டு, வெள்ளை மணல் எல்லாம் மூட்டை கட்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். நல்ல மனசோடதான் சொன்னார், ஆனா இதுல பேச்சுக்கே இடம் இல்லைன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். சட்டம் ஒரு பக்கம். அதை விட, மன்னார் வளைகுடாவுல 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்ச தீவுகள் 21, அதுல விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ரெண்டும் தண்ணிக்குள்ள போயிடுச்சு, அதுக்குச் சொல்ற காரணங்கள்ல முக்கியமானது பல வருஷமா சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது. அந்த மணலும் பவளத் துண்டும்தான் தீவைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு, அங்கேருந்து ஒரு மூட்டை கொண்டு வந்து வீட்டு ஹால்ல ரீஃப் கட்டறதுல எனக்கு மனசாட்சிப்படி உடன்பாடு கிடையாது. அப்பா உடனே புரிஞ்சுக்கிட்டார், அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

சோதனையில பார்த்தது

நாலு மணலையும் டேபிள்ல வரிசையா வச்சு சாதாரண வீட்டுச் சாமானை வச்சே சோதிச்சோம். காந்தம், டீ வடிகட்டி, கண்ணாடி பாட்டில், வினிகர், அவங்ககிட்ட இருந்த டெஸ்ட் கிட், அவ்வளவுதான்.

பீச் மணல்ல ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள காந்தத்தைப் போட்டு இழுத்ததும் கருப்புத் துகள் கொத்தா ஒட்டிக்கிச்சு. நம்ம கரையில அலை திரும்பிப் போனப்புறம் கருப்புக் கோடு கோடா தெரியும் பாருங்க, அது அழுக்கு இல்ல, மேக்னடைட், இல்மனைட், கார்னட் மாதிரி கனமான தாதுக்கள். தெற்கே மணவாளக்குறிச்சியில இதே மாதிரி கடற்கரை மணல்லேருந்துதான் இல்மனைட், மோனசைட் பிரிச்சு எடுக்கறாங்க. மீதி மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், ஆறு உள்நாட்டுப் பாறையை அரைச்சுக் கொண்டு வந்து கொட்டினது, சென்னைக் கரையை ஒட்டி ரீஃப் இல்லாததால பவள மணலும் இல்ல. இதுக்கு மேல கழிவுநீர், எண்ணெய் பிரச்சனை வேற, எண்ணூர் பக்கம் 2017 ஜனவரியிலயும் 2023 டிசம்பர்லயும் எண்ணெய் கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கடற்கரையில மணல் அள்றதுக்கு சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) விதிப்படி தடையும் இருக்கு. பையில இருந்ததைத் திரும்பக் கரையிலயே கொட்டிட்டு வரச் சொன்னேன்.

பவள மணல்னா கால்சியம் கார்பனேட், அது வினிகர்ல கரையும், குவார்ட்ஸ் கரையாது. அந்த வினிகர் சோதனையைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பல பேர் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்து நுரை வந்ததும் சரின்னு விட்டுடறாங்க. நுரை வந்தா அதுல கார்பனேட் கொஞ்சமாவது இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், எவ்வளவு இருக்குன்னு தெரியாது, பீச் மணல்ல இருக்கற சிப்பித் தூளுக்கே நுரை வரும். அதனால எடை போட்டுப் பண்ணோம். நல்லா காய வச்ச மணல் 5 கிராம், அதை 5 சதவீத வினிகர் கால் லிட்டர்ல போட்டு மூடாம வச்சோம், கணக்குப்படி 5 கிராம் சுத்த கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 120 மில்லி போதும், ஆனா கடைசியில ரொம்ப மெதுவாயிடும், அதான் ரெண்டு பங்கு. மறுநாள் பழைய வினிகரை வடிச்சிட்டுப் புதுசு ஊத்தி, நுரை அடங்கற வரைக்கும் விட்டு, மிச்சத்தைக் கழுவிக் காய வச்சு எடை பார்த்தாங்க. பீச் மணல் கிட்டத்தட்ட அப்படியே மிச்சம். கடையில வாங்கின "கோரல் சாண்ட்" பாதிக்குப் பாதி மிச்சம், லென்ஸ் வச்சுப் பார்த்தா கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ் துகள், கலப்படம்தான். அதையே பாட்டில்ல தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சப்போ ராத்திரி முழுக்கக் கலங்கல் தெளியல, களிமண்ணும் சேர்ந்திருக்கு. இறக்குமதி அரகோனைட் கொஞ்சம் தூசி தவிர எல்லாம் கரைஞ்சு போச்சு.

அப்பாவோட பழைய க்ரஷ்ட் கோரலும் நல்லாவே கரைஞ்சுது, அது உண்மையான பவளம்தான். அவருக்கு சந்தோஷம். ஆனா உப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊற வச்சு பாஸ்பேட் டெஸ்ட் பண்ணப்போ நிறம் கடும் நீலமா மாறிடுச்சு, இத்தனை வருஷ மீன் தீவனத்தோட பாஸ்பேட் அந்தக் கல்லுலதான் ஏறி உக்காந்திருக்கு. நான் அடுத்து ஒரு கேள்வி கேட்டேன், "சார், அந்த டேங்க்ல எப்பவாவது காப்பர் மருந்து ஊத்தினீங்களா?" ஊத்தியிருக்கார், வெள்ளைப்புள்ளி நோய்க்கு, ஒரு தடவை இல்ல. காப்பர் சுண்ணாம்புப் பொருள்ல போய் ஒட்டிக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும், மீன் தாங்கற அளவுலயே இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துடும். பிஸ்டல் இறாலுக்காகவே கட்டற டேங்க்ல அந்த மணல் எப்படிப் போட முடியும். ரெண்டு பக்கெட்டும் அவரோட அடுத்த சிக்லிட் டேங்குக்குன்னு ஒதுக்கிட்டாங்க.

மணல் என்ன செய்யும், என்ன செய்யாது

அரகோனைட்தான்னு முடிவானப்புறம் அப்பாவுக்கு ஒரு பெரிய நம்பிக்கை இருந்துச்சு, இந்த மணல் போட்டா ஆல்கலினிட்டியும் (தண்ணியில இருக்கற கார்பனேட் அளவு) கால்சியமும் தானா நிக்கும், டோசிங் (அதையெல்லாம் கரைசலா ஊத்தறது) தேவையில்லன்னு. விலை குடுத்து வாங்கறதுக்கு அவர் தனக்கே சொல்லிக்கிட்ட காரணமும் அதுதான். மலாவி டேங்க்ல அது வேலை செஞ்சதைக் கண்ணால பார்த்தவர், அதனால அவரைக் குறை சொல்ல முடியாது. நன்னீர்ல கால்சியம் கார்பனேட் கரையும், ஆனா கடல் தண்ணி பி.எச். 8.2-ல ஏற்கனவே அரகோனைட்டால நிறைஞ்சு வழியற நிலையில இருக்கு, அதுல போட்ட மணல் கரையாது. கால்சியம் ரியாக்டர்ங்கற கருவியில இதே மாதிரி பொருளைக் கரைக்கணும்னா கார்பன் டை ஆக்சைடு விட்டு பி.எச்.ஸை 6.5 பக்கம் இறக்கணும். மணல் படுகையோட ஆழத்துல, அழுகல் நடக்கற இடத்துல கொஞ்சம் கரையும், அதை நம்பி டேங்க் ஓட்ட முடியாது. அப்ப ஏன் அரகோனைட்? தேவையில்லாத தாது உள்ள வராது, துகள் முனை மழுங்கி இருக்கறதால தோண்டற உயிருக்கு உடம்பு கீறாது, வெளிச்சத்தை நல்லா எதிரொளிக்கும், கீழ பாக்டீரியாவுக்கும் புழு பூச்சிக்கும் இடம் குடுக்கும். எனக்கு இதுவே போதுமான காரணம்.

லைவ் சாண்டா, காஞ்ச மணலான்னு அடுத்த கேள்வி. ஈரமா பாக்டீரியாவோட வர்ற பைக்கு விலை இன்னும் ஜாஸ்தி, கப்பல்லயும் கோடவுன்லயும் நம்ம ஊர் வெயில்ல எவ்வளவு நாள் கிடந்துச்சுன்னு வாங்கறவருக்குத் தெரியாது. அவங்க நல்ல லைவ் ராக் (பாக்டீரியாவும் சின்ன உயிர்களும் குடியிருக்கற பாறை) ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, அதுலேருந்து மணலுக்குப் பாக்டீரியா தானா இறங்கும், அதனால காஞ்ச மணல் போதும்னு முடிவு.

துகள் அளவு: எடுத்த முடிவு

இங்கதான் அபிப்பிராய வித்தியாசம். கிடைச்சது மூணு அளவு. 1 மி.மீ-க்குக் கீழ இருக்கற பொடி மணல், 1 முதல் 2 மி.மீ வரைக்கும் இருக்கற நடுத்தரம், அதுக்கு மேல போற க்ரஷ்ட் கோரல். மூணாவதை யாரும் விரும்பல, துகள் நடுவுல தீனி மிச்சமும் கழிவும் விழுந்து அப்படியே தங்கி நைட்ரேட் ஏறும், அதுல தோண்டி வாழற மீனுக்கும் கஷ்டம்.

என்னோட பரிந்துரை நடுத்தரம் முக்காலும் பொடி கொஞ்சமும். காரணம் பம்ப். அவங்க ஏற்கனவே மணிக்கு 4000 லிட்டர் தள்ற வேவ்மேக்கர் (டேங்குக்குள்ள தண்ணி ஓட்டம் குடுக்கற பம்ப்) ரெண்டு வாங்கியிருந்தாங்க, 150 லிட்டர் தண்ணிக்கு அது மணிக்கு 50 சுத்துக்கு மேல வருது. பொண்ணு பொடி மணல்தான் வேணும்னு நின்னா. பார்க்க அழகுங்கறது ஒரு பக்கம், கோபி வாயில மணலை அள்ளி செவுள் வழியா விடற மீன், பொடி இருந்தாதான் அதுக்கு நல்லதுன்னு அவ படிச்சதும் தப்பில்ல. பம்பைக் குறைச்சு வச்சுக்கலாம்னு சொன்னா. டேங்க் அவங்களோடது, காரணமும் யோசிச்ச காரணம், அதனால பொடியே வாங்கினாங்க.

ஆழம் 4 செ.மீ. 10 செ.மீ-க்கு மேல போற ஆழப் படுகை நைட்ரேட்டைக் குறைக்கும்னு ஒரு வழி இருக்கு, ஆனா அதுக்குள்ள ஆக்சிஜன் இல்லாத அடுக்கு உருவாகி ஹைட்ரஜன் சல்பைடு சேரும், தினமும் சுரங்கம் தோண்டற இறாலை வச்சுக்கிட்டு அதைக் கிளறி விடறது வேண்டாம். கணக்கு சுலபம்: 90 × 45 × 4, அது 16 லிட்டர், லிட்டருக்கு ஒன்றரை கிலோன்னு வச்சா 24 கிலோ. பாறை உக்கார்ற இடம் கழிச்சா அதுக்கும் கீழ.

மணல் போட்டது

முதல்ல பாறை, அப்புறம்தான் மணல், இதுல நான் பிடிவாதமா இருந்தேன். பாறையை மணல் மேல வச்சா இறால் அடியில தோண்டத் தோண்ட ஒரு நாள் மொத்தமா சரியும், கண்ணாடி உடையறதுக்கும் வாய்ப்பு இருக்கு. கண்ணாடி மேல நேரா பாறையை நிறுத்தி, ஆட்டிப் பார்த்து, சுத்தி மணலைக் கொட்டினாங்க.

அதுக்கு முன்னாடி கழுவற வேலை, அதுதான் பெரிய வேலை. பாத்ரூம்ல பக்கெட் பக்கெட்டா கையால கிளறி, வெளிய வழியற தண்ணி தெளியற வரைக்கும் குழாய்த் தண்ணியில, கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணியில. பொறுமையா பண்ணாங்க. மணல் மேல ஒரு தட்டு வச்சு அது மேல உப்புத் தண்ணியை ஊத்தினதால பெருசா கலங்கல, கொஞ்சம் இருந்த மூட்டமும் சீக்கிரமே தெளிஞ்சுது.

அடுத்து வந்த பிரச்சனைகள்

சைக்கிள், அதாவது மீன் விடறதுக்கு முன்னாடி பாக்டீரியா பெருகற கட்டம், நடந்துட்டு இருக்கும்போதே மணல் மேல பழுப்புப் படலம் வந்துச்சு. அப்பா பதறிட்டார், மணல்ல சிலிக்கா கலந்துடுச்சுன்னு. அது டயட்டம், சிலிக்கா ஓடு கட்டற நுண்பாசி, புது டேங்க்ல வர்றது சகஜம், மணலைத்தான் சோதிச்சுட்டோமே, அதனால தண்ணியைப் பார்க்கச் சொன்னேன். உப்பு கலக்கறதுக்கு அவங்க எடுத்தது சமையலறை குடிதண்ணி ஆர்.ஓ. மெஷின்லேருந்து. அந்த மாதிரி மெஷின்ல டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவு) கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கும், ருசிக்காக மெம்ப்ரேன் வழியா போகாத தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடும், அந்த வழியா போர்வெல் தண்ணியில இருக்கற சிலிகேட் உட்பட எல்லாம் டேங்குக்கு வந்துடும். அதை மூடிட்டு, கடைசியில மிச்ச உப்பையும் பிடிக்கிற டி.ஐ. ரெசின் ஒண்ணு மாட்டி டி.டி.எஸ். பூஜ்யத்துக்கு வந்தப்புறம் பழுப்பு படிப்படியா குறைஞ்சுது.

பி.எச். ராத்திரியில 7.8-க்கு இறங்கினதும் அப்பா மறுபடி மணலைத்தான் சந்தேகப்பட்டார். ஏ.சி. போட்டு மூடின ரூம், மூச்சு விட்ட கார்பன் டை ஆக்சைடு வெளிய போக வழியில்ல, ஜன்னலைத் திறந்து வச்ச நாள்ல பி.எச். ஏறிடுச்சு. ஆல்கலினிட்டி 8.5 டி.கே.எச்.லேருந்து (அதை அளக்கற அலகு) மெதுவா 7.5 வந்தது, மணல் அதைத் தடுக்கல, தண்ணி மாத்தினதும் சரியாச்சு.

உண்மையான பிரச்சனை பம்ப்தான். ரெண்டு வேவ்மேக்கரும் பாதி வேகத்துல ஓடும்போதே முன்பக்கம் ரெண்டு இடத்துல மணல் ஒதுங்கி அடிக் கண்ணாடி தெரிஞ்சுது, ஒதுங்கினது மூலையில மேடா நின்னுச்சு. பறந்த மணல் சோயான்திட் மேல உக்காந்ததால அது வாயை மூடிக்கிட்டுத் திறக்கவே இல்ல. பொண்ணு வேகத்தை இன்னும் குறைச்சா, மணல் நின்னுடுச்சு, ஆனா பாறைக்குப் பின்னாடி தண்ணி ஓட்டம் செத்துப் போய் கழிவு சேர்ந்து, மணல் மேல சிவப்புக் கொழகொழன்னு சயனோபாக்டீரியா படர ஆரம்பிச்சுது. வேகம் கூட்டினா மணல் பறக்குது, குறைச்சா சயனோ வருது. நடுவுல ஒரு நல்ல இடம் இருக்கும்னு அவ ரொம்ப தேடிப் பார்த்தா, அந்தப் பொடிக்கு அப்படி ஒரு இடமே இல்ல.

திருத்தம்

மொத்த மணலையும் எடுத்துடலாம்னு அப்பா சொன்னார். வேண்டாம்னேன், குடியேறின படுகையை ஒரே நாள்ல கிளறினா அடியில இருக்கற கழிவு எல்லாம் மேல வந்து அம்மோனியா ஏறும். அதுக்குப் பதிலா ஒவ்வொரு தண்ணி மாத்தற தடவையும் முன்பக்கத்துல ஒரு பகுதியை மட்டும் ட்யூப் வச்சு உறிஞ்சி எடுத்து, அந்த இடத்துல கழுவின 1 முதல் 2 மி.மீ மணலைப் பி.வி.சி. குழாய் வழியா மெதுவா இறக்கினாங்க. பம்ப் ஓட்டம் நேரா அடிக்கிற முன்பக்கமும் ரெண்டு ஓரமும் மட்டும்தான் மாத்தினது. பாறைக்குப் பின்னாடியும் அடியிலயும் பொடி அப்படியே, அங்கதான் கோபி மேயும், அங்க பறக்கவும் பறக்காது.

கலக்கறப்போ நல்லது ஒண்ணு நடந்துச்சு. பெரிய துகளும் பொடியும் சேர்ந்து இருந்தா நாளாக நாளாக பொடி இடுக்கு வழியா கீழ இறங்கிடும், பெருசு மேல நின்னு கவசம் மாதிரி காக்கும். சில வாரத்துல முன்பக்கம் முழுக்க மேல் அடுக்கு தானா அப்படி அமைஞ்சுடுச்சு. வேவ்மேக்கரைப் பழைய வேகத்துக்குக் கொண்டு வந்தாங்க, சயனோவை ரெண்டு மூணு தடவை உறிஞ்சி எடுத்ததுக்கு அப்புறம் அது திரும்ப வரல.

இறால் வர்றதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. பொடி மணல் மட்டும் இருந்தா வளை கூரை நிக்காது, தோண்டத் தோண்ட இடிஞ்சு விழும். லைவ் ராக்லேருந்து உதிர்ந்த சின்னச் சின்னத் துண்டு, உடைஞ்ச சிப்பி, நத்தை ஓடு இதையெல்லாம் ஒரு பாறை ஓரத்துல தூவி விட்டாங்க.

விளைவு

இறால் அந்தத் துண்டு இருந்த பாறை ஓரத்துலயே வளையை ஆரம்பிச்சுது, துண்டுகளை எடுத்து வாசல்ல அடுக்கிக் கூரை கட்டிக்கிச்சு. கோபி முதல்ல டேங்கோட அந்தக் கோடியில இருந்துச்சு, கொஞ்ச நாள்ல தேடிப் பிடிச்சு வாசல்ல வந்து நின்னுடுச்சு. பொண்ணு அனுப்பின வீடியோவுல இறாலோட மீசை கோபி வால்ல தொட்டுக்கிட்டு இருக்கறது தெளிவா தெரியுது, எனக்கும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. பாறை கண்ணாடியில நிக்கறதால இத்தனை சுரங்கத்துக்கும் ஒரு துளி அசையல. சோயான்திட் திறந்துடுச்சு, நசேரியஸ் நத்தை மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்து தீனி போட்டதும் மூக்கை நீட்டி எழுந்து வருது.

அடுத்த தடவை மாத்த வேண்டியது

மணலை முதல்ல பேசணும், வாங்கறது கடைசியா இருந்தாலும். எந்த உயிர் மணலுக்குள்ள வாழப் போகுது, அதுக்கு எவ்வளவு பொடி, எவ்வளவு துண்டு வேணும்னு எழுதி வச்சிட்டு, அதுக்குத் தகுந்த ஓட்டம், அதுக்குத் தகுந்த பம்ப்னு போயிருந்தா ரெண்டு தடவை மணலுக்குக் காசு போயிருக்காது. இதே டேங்க்ல கோபியும் இறாலும் இல்லாம வெறும் க்ளவுன்ஃபிஷ் மட்டும்னா நேரா 1 முதல் 2 மி.மீ போட்டு முடிச்சிருக்கலாம், க்ளவுனுக்கு மணல் எதுன்னு கவலையே இல்ல. ராத்திரி மணலுக்குள்ள புதைஞ்சு தூங்கற ஹாலிகோயரஸ் ராஸ்ங்கற மீன் வளர்க்கறவங்களுக்கு இதுக்கு நேர் எதிர், பொடி கட்டாயம் வேணும், அவங்க பம்பை உயரத்துல வச்சு மேல் பார்த்துத் திருப்பணும்.

வாங்கறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு சோதனையும் சேர்த்துக்கலாம். கால் கிலோ மணலை ஒரு டப்புல தண்ணியோட போட்டு, வச்சிருக்கற வேவ்மேக்கரை டேங்க்ல இருக்கப் போற தூரத்துல பிடிச்சு ஓட்டிப் பார்த்தா துகள் நகருதா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். இதைப் பண்ணியிருந்தா பொண்ணு பொடியை வாங்கியிருக்க மாட்டான்னு அவளே சொன்னா. ஆர்.ஓ. தண்ணியோட டி.டி.எஸ்.ஸையும் மணல் வாங்கறதுக்கு முன்னாடியே அளந்து வச்சுடணும், இல்லன்னா தண்ணி பண்ற தப்புக்கெல்லாம் மணல் பழி சுமக்கும்.

உறிஞ்சி எடுத்த பொடியை அவங்க தூக்கிப் போடல, கழுவிக் காய வச்சு மூடி வச்சிருக்காங்க, காப்பர் படாத மணல்னு டப்பா மேல எழுதி.